ஒற்றைப்படை எண்கள் அப்பாவுடையவை

புத்தகத்தை வாங்கி வந்தவர் மாமா. பஸ் டிக்கெட்டையும் நூல்கண்டின் லேபிளையும் தவிர அவர் கையில் அச்சடித்த தாள் எதையும் நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவர் சட்டைக்குள்ளிருந்து ஒரு தடித்த புத்தகத்தை உருவி வெட்டுமேஜை மேல் போட்டதும் அப்பா மெஷினை நிறுத்தினார்.

“என்ன மச்சான் இது?”

“கொக்கு எழுதியிருக்கான். நம்ம கொக்கு.”

அப்பா புத்தகத்தைத் தொடவில்லை. இருந்த இடத்திலிருந்தே அட்டையைப் பார்த்தார். பாதி முகம் இருட்டில் இருக்கும் ஒரு ஆள். தலைக்கு மேல் ‘பதிவேட்டில் இல்லாத பதினாறு இரவுகள்’ என்று சிவப்பு எழுத்து. கீழே சின்னதாக, ‘ரகசியப் படைவீரர் ஒருவரின் நினைவுகள்’.

“மூக்கு அப்படியேதான் இருக்கு,” என்றார் அப்பா. மறுபடி மெஷினை மிதித்தார்.

எங்கள் பட்டறையில் லாரிக்கு மூடும் தார்ப்பாய், கூடாரம், கடை வாசலில் கட்டும் வெயில்மறைப்பு இதெல்லாம் தைக்கிறோம். அப்பாவும் மாமாவும் தைப்பார்கள். நான் ஓரம் மடித்துக் கொடுப்பேன், துளையில் பித்தளை வளையம் அடிப்பேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். எழுந்து நின்று படி என்றால் வகுப்பில் எனக்குக் குரல் வராது. பட்டறையில் வரும். இரண்டு மெஷின் ஓடும்போது யார் காதிலும் விழாது என்ற தைரியம்தான்.

இந்த வேலைக்கு முன்னால் இருவரும் ராணுவத்தில் இருந்தார்கள். துப்பாக்கி பிடித்த ராணுவம் இல்லை. எல்லை தாண்டிப் போய்விட்டுச் சத்தமில்லாமல் திரும்பி வரும் ஒரு சின்னப் படைக்குப் பாராசூட் மடித்துக் கொடுத்தவர்கள். ஒரு நீளமான கொட்டகை, இரண்டு நீளமான மேஜை, இரண்டே ஆட்கள். ஒற்றைப்படை எண் போட்ட பாராசூட்டெல்லாம் அப்பா மேஜையில், இரட்டைப்படை எல்லாம் மாமா மேஜையில். யார் மடித்தது என்று பார்த்த உடனே தெரிய வேண்டும் என்பதற்காக அப்படி ஒரு ஏற்பாடு. கொக்கு அந்தப் படையில் ஒருவர். வீரர்கள் இவர்களை ஒத்தை, ரெட்டை என்றுதான் கூப்பிடுவார்களாம். மாமா இன்னும் அப்பாவை அப்படிக் கூப்பிடுவது உண்டு. “தங்கச்சியை ஒத்தைக்குக் கட்டிக் கொடுத்தேன், எனக்குத்தான் கடைசி வரைக்கும் ஜோடி அமையல” என்பார். கல்யாணம் ஆகாதவர். “பாராசூட்டோட பாராசூட்டா என்னையும் மடிச்சு நீட்டிட்டான் எங்கண்ணன்” என்பாள் அம்மா.

முப்பத்தொன்றைப் பற்றி மட்டும் வீட்டில் யாரும் வேடிக்கை பேசுவதில்லை. அது எனக்கு அம்மா சொல்லித் தெரியும். பன்னிரண்டு வயதில் சொன்னாள்.

நான் பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால், ஒரு நாள், எட்டுப் பேர் கிளம்பினார்கள். ஏழு பேர் திரும்பினார்கள். அந்தத் தடவை பாராசூட் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. எங்கே போனார்கள், என்ன நடந்தது என்று மடிக்கிறவர்களுக்குச் சொல்லும் வழக்கம் கிடையாது. நான்காம் நாள் ஒரு அதிகாரி கொட்டகைக்கு வந்து, அட்டைப் பெட்டியிலிருந்து முப்பத்தொன்றாம் அட்டையை மட்டும் எடுத்தார். ஒவ்வொரு பாராசூட்டுக்கும் ஒரு அட்டை உண்டு. மடித்தவன் அதில் கையெழுத்துப் போட வேண்டும். இதை மடித்த அன்று உடம்பு எப்படி இருந்தது என்று அப்பாவைக் கேட்டார். காய்ச்சல் என்றார் அப்பா. உண்மையும் அதுதான். அதிகாரி எழுதிக்கொண்டு போனார். திரும்பி வரவில்லை. தண்டனையும் வரவில்லை, பதிலும் வரவில்லை, அட்டையும் வரவில்லை. ஆறு மாதம் கழித்து அப்பா விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். மாமாவும் கூடவே வந்துவிட்டார்.

அன்றிலிருந்து அப்பா எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. என் ரேங்க் கார்டில் போட்டது மாமா. தைத்த தையலை மூன்று தடவை விரலால் தடவிப் பார்ப்பார். கத்தரிக்கோல், குத்தூசி, சுத்தியல் எல்லாவற்றையும் எண்ணாமல் எதையும் மடித்துக் கட்ட விடமாட்டார். எங்கள் பட்டறையில் சொன்ன தேதிக்கு எந்தச் சரக்கும் போனதில்லை.

“படிக்க வேண்டாம்,” என்றார் அப்பா அன்று சாயங்காலம், கேட்காமலேயே.

“ஏன்?”

“நம்மளைப் பத்தி அதுல என்ன இருக்கப்போகுது? மேலேர்ந்து குதிச்சவன் குதிச்சதைத்தான் எழுதுவான்.”

“இல்லேன்னா இல்லேன்னு தெரிஞ்சுக்கலாமே,” என்றார் மாமா. “எனக்கு எழுத்தைப் பாத்தாலே கொட்டாவி வரும். பாப்பா படிக்கட்டும். சாப்பிட்ட பிறகு ஒரு அரை மணி. காசு குடுத்து வாங்கியிருக்கேன் மச்சான், அடுப்பெரிக்கவா முடியும்?”

அப்பா சுத்தியலையும் குத்தூசியையும் எண்ணி வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, “மொத்தம் எத்தனை அத்தியாயம்?” என்றார்.

“பதினாறுப்பா.”

“ஒரு நாளைக்கு ஒண்ணு. அதுக்கு மேல வேண்டாம்.”

இப்படித்தான் ஆரம்பித்தது. எனக்கும் தெரியும், மாமாவுக்கும் தெரியும், அப்பா காத்திருந்தது ஒரே ஒரு அத்தியாயத்துக்கு. பாராசூட் விரியவில்லையா, அல்லது அந்த ஆள் தரையில் குண்டடிபட்டுச் செத்தாரா? பத்தொன்பது வருஷத்தில் இதைச் சொல்லக்கூடிய ஒரு ஆள் இப்போதுதான் வாயைத் திறந்திருக்கிறார்.

கொக்கு நன்றாகத்தான் எழுதியிருந்தார். கொஞ்சம் பீற்றல் உண்டு. ‘காற்றைப் போல் இறங்கினோம், நிழலைப் போல் மறைந்தோம்’ என்று ஒரு இடத்தில் வரும்.

“நிழல் மாதிரி மறைஞ்சாங்களாம்,” என்றார் மாமா. “பாராசூட்டைச் சேத்துல பொரட்டி மூட்டை கட்டி எடுத்துக்கிட்டு வந்தாங்க. மூணு நாள் அலசினோம். உனக்கு ஞாபகம் இருக்கா மச்சான், செம்மண்ணு?”

“அது ரெண்டாவது தடவை. மொத தடவை மாட்டுச் சாணம்.”

“ஆமா ஆமா. நிழலுக்கு எங்கிருந்துடா சாணம் வந்துச்சு?”

அப்பா சிரித்ததை அன்றைக்குப் பார்த்தேன். அவர்களுக்கு ஊர் பெயர் எதுவும் சொல்லப்பட்டதில்லை. திரும்பி வந்த துணியில் ஒட்டியிருந்ததை வைத்துத்தான் இவர்கள் ஊகித்தார்கள். நான்காம் அத்தியாயத்தில் கடலோரம் வந்தது. “உப்புப் பூத்து வந்துச்சே, அது இதுதான்,” என்றார் அப்பா. ஆறாம் அத்தியாயத்தில் ஆட்டு மந்தைக்குள் இறங்கியது வந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் “ரோமம்!” என்றார்கள். கொக்கு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மந்தைக்குள் தவழ்ந்துபோகிறார், இவர்கள் இருவரும் துணியிலிருந்து ரோமம் பொறுக்கியதைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். ஒரு புத்தகத்துக்கு இப்படி ஒரு மறுபக்கம் இருக்கும் என்று கொக்கு நினைத்திருக்க மாட்டார். மடிக்கிறவர்கள் என்று இரண்டு பேர் இருந்ததே முதல் பத்து அத்தியாயத்தில் எங்கும் இல்லை. ‘பாராசூட்டைப் பெற்றுக்கொண்டோம்’ என்று வரும், அவ்வளவுதான்.

பீப்பாய் என்ற ஆள் மூன்றாம் அத்தியாயத்திலிருந்து வந்தார். நெஞ்சு அகலத்தால் வந்த பெயர். ரேடியோப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு இரவு முழுக்க நடந்தவர், தூக்கத்தில் பாடுகிறவர், கொக்குவின் நெருங்கிய சிநேகிதர். அவர் வரும் இடங்களில் அப்பாவின் மெஷின் நிற்கும். திரும்பி வராத எட்டாவது ஆள் அவர்தான்.

பத்தாம் அத்தியாயம் சனிக்கிழமை முடிந்தது. மறுநாள் பட்டறை விடுமுறை. அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து பதினொன்றைப் படித்தேன். முன்கூட்டிப் பார்த்து வைத்துக்கொண்டால் திங்கட்கிழமை எந்த வரியில் குரலைத் தாழ்த்துவது என்று தெரியுமே என்றுதான் படித்தேன்.

பாராசூட் விரியவில்லை. கொக்கு அதை ஒரே பத்தியில் எழுதியிருந்தார். தாழப் பறந்து குதித்தார்கள். பாரம் அதிகம் என்பதால் இரண்டாவது பாராசூட் யாரிடமும் இல்லை. பீப்பாயின் துணி பையிலிருந்து வெளியே வந்தது, ஆனால் காற்றுப் பிடிக்கவில்லை, விளக்குத் திரி மாதிரி முறுக்கிக்கொண்டே அவரோடு இறங்கியது. அவரையும், அந்தத் துணியோடு எல்லாருடைய பாராசூட்டையும் அங்கேயே புதைத்துவிட்டு நடந்தார்கள்.

அதற்கு முந்தின தாளில்தான் விஷயம் இருந்தது. நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம். நான் அதை மூன்று தடவை படித்தேன்.

‘விமானத்தில் ஏறுமுன் பீப்பாய் தன் பாராசூட்டை மாட்டிப் பார்த்தான். முப்பத்தொன்று. நெஞ்சுப் பட்டை எட்டவில்லை. எனக்குக் கொடுத்திருந்த இருபத்தெட்டின் பட்டைகள் நீளமானவை. யாரும் பார்க்காதபோது மாற்றிக்கொண்டோம். பட்டியலில் இருப்பதை மாற்றுவது பெரிய குற்றம். அதனால் விசாரணையில் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் மட்டும் என்ன மாறியிருக்கும்? செத்தவன் செத்தவன்தான். எனக்கென்று வைத்திருந்த சாவை அவன் முதுகில் கட்டி அனுப்பினேன் என்று நான் நினைக்காத நாள் இல்லை.’

முப்பத்தொன்று கொக்குவை இறக்கியிருக்கிறது. பத்திரமாக இறக்கி, பத்தொன்பது வருஷம் கழித்துப் புத்தகம் எழுத வைத்திருக்கிறது. விரியாதது இருபத்தெட்டு. இரட்டைப்படை.

அம்மா கீழேயிருந்து, “வெயில்ல என்னடி பண்றே, கறுத்துப் போயிடுவே,” என்றாள். வரேன் என்றேன். போகவில்லை.

நான் யோசித்தது இதுதான். படித்தால் அப்பாவுக்குப் பாரம் இறங்கிவிடும், மாமாவுக்கு ஏறிவிடும். படிக்காவிட்டால் எல்லாம் இருக்கிறபடியே இருக்கும். அப்பாவுக்குப் பழகிவிட்டது, மாமாவுக்குப் பழக்கமில்லை. அப்பாவிடம் மட்டும் தனியாகச் சொல்லலாம் என்றும் நினைத்தேன். தினமும் எதிர் மெஷினில் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டே தைக்கிற ஆளை அப்புறம் அப்பா எப்படிப் பார்ப்பார் என்று தெரியவில்லை. கடைசியில் முடிவுக்கு வந்தேன். நூற்று நாற்பத்து இரண்டாம் பக்கத்தின் கடைசி வாக்கியம் முழுதாக முடிகிறது. நூற்று நாற்பத்தைந்து புதிய பத்தியில் தொடங்குகிறது. நடுவில் ஒரு தாளை விட்டால் ஒட்டுத் தெரியாது. ஒட்டுத் தெரியாமல் சேர்ப்பது எனக்குத் தெரிந்த வேலைதான்.

திங்கட்கிழமை சாப்பிட்டபின் அப்பா மெஷினில் உட்காரவே இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு தார்ப்பாய்ச் சுருள் மேல் உட்கார்ந்தார். மாமா மட்டும் தைத்துக்கொண்டிருந்தார். நான் ஆரம்பித்தேன். விமானதளம் வந்தது, மழை மேகம் வந்தது, பீப்பாய் ஒரு ஜோக் சொன்னது வந்தது. நூற்று நாற்பத்து இரண்டு முடிந்ததும் தாளைப் புரட்டி நேராக நூற்று நாற்பத்தைந்துக்குப் போனேன். குரல் ஆடவில்லை. திரி மாதிரி முறுக்கிக்கொண்டதைப் படித்தேன். புதைத்ததைப் படித்தேன்.

அப்பா தலையை ஆட்டினார். வெகுநாளாக எதிர்பார்த்த கடிதம் வந்து, அதில் எதிர்பார்த்ததே எழுதியிருந்தால் ஆட்டுவது போல.

“சரி,” என்றார். “அப்போ அதுதான்.”

மாமா மெஷினை நிறுத்தினார்.

“பாப்பா, நடுவுல ஒரு தாளை விட்டுட்டே.”

“இல்லியே மாமா.”

“நூத்தி நாப்பத்தி மூணு. எடுத்துப் படி.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஊசிக்கடியில் இருந்த தையலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொட்டாவி வரும் என்று சொன்னவருக்குப் பக்க எண் எப்படித் தெரியும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. தெரிந்துவிட்டதால் தோன்றவில்லை. மெஷின் இரண்டும் நின்றிருந்தன. வகுப்பில் எழுந்து நின்றது போல இருந்தது.

“படிடீ.”

படித்தேன். இந்தத் தடவை குரல் ஆடியது. முப்பத்தொன்று, இருபத்தெட்டு என்ற எண்கள் வந்த இடத்தில் அப்பா நிமிர்ந்தார். சாவை முதுகில் கட்டி அனுப்பிய வரியை முடித்துவிட்டு நிறுத்தினேன். தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே இருந்தார்கள், அது கிளம்பவே இல்லை.

“எப்போ படிச்சே?” என்றார் அப்பா.

“வாங்கினப்பவே. கடையிலேயே நின்னு. மொதல்ல பதினொண்ணைத்தான் தேடினேன். கடைக்காரன் புத்தகம் வேணுமா வேண்டாமான்னு கேட்டான். எனக்குக் காது அடைச்சுப் போச்சு.”

“அப்புறம் பதினஞ்சு நாளா ஆட்டு ரோமம், செம்மண்ணுன்னு பேசிக்கிட்டு இருந்தியே.”

“வேற என்ன பண்ணச் சொல்றே? வாயில வரல மச்சான். உன்னைத் தனியா கூப்பிட்டுச் சொல்லணும்னு ஆறு தடவை எழுந்திருச்சேன். வரல.”

“உன் வாயில வரலேன்னா என் பொண்ணு வாயில வரணுமா?”

நான் அப்பா குரல் அவ்வளவு உயர்ந்து கேட்டதில்லை. மாமா ஏதோ சொல்லப் போனார். அப்பா, “எழுந்திருச்சுப் போ,” என்றார். மாமா ஊசியைத் தூக்கி, துணியை உருவி, நூலை அறுத்து, மெஷினுக்கு உறை போட்டுவிட்டுப் போனார்.

அவர் செவ்வாய்க்கிழமை வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. அப்பா வேலை செய்தார். எனக்கு ஒன்று எதிர்பார்ப்பு இருந்தது. பத்தொன்பது வருஷப் பாரம் இறங்கிய ஆள் எப்படி இருப்பார் என்று பார்க்க வேண்டும் என்று. அவர் எப்போதும் போலத்தான் இருந்தார். தையலை மூன்று தடவை தடவினார். ஒரு தடவை மட்டும், வளையம் அடித்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து, “அந்தக் கொக்கு தரையில இறங்கினப்போ எப்படி இருந்துச்சுன்னு எழுதியிருக்கானா? அவன் பாராசூட்டு?” என்று கேட்டார்.

“ஒண்ணும் எழுதலப்பா. ‘நான் இறங்கினேன்’னுதான் இருக்கு.”

“ம்,” என்றார். “நல்லா விரிஞ்சா யாரும் எழுதமாட்டாங்க.”

புதன்கிழமை சாயங்காலம் அம்மா சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, “அண்ணன் ஏன் ரெண்டு நாளா வரல? ரெண்டு பேரும் சண்டை போட்டீங்களா?” என்றாள். அப்பா எதையும் மறைக்காமல் சொன்னார். எண்களையும் சொன்னார். அம்மா நின்றபடியே கேட்டாள்.

“ரெண்டு பேர்ல யாரோ ஒருத்தர்தான்னு எனக்கு அன்னிக்கே தெரியும்,” என்றாள். “மேஜை ரெண்டு, ஆள் ரெண்டு. ஒருத்தர் புருஷன், ஒருத்தர் கூடப்பிறந்தவன். எனக்கு எதுக்குங்க நம்பர்?”

“செத்துப்போனவனுக்கு வேணுமில்ல?”

“அவனுக்கு வேணாம். உங்களுக்குத்தான் வேணும். வாங்கிக்கிட்டீங்கல்ல, இப்போ தூக்கம் வருதா?”

அப்பா தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். சாப்பிட்டு முடித்தார்.

வியாழக்கிழமை காலையில் பட்டறைக்கு வந்ததும் அப்பா தைத்து முடித்த பெரிய கூடாரத்தைப் பார்த்தார். அறுபது அடிக்கு முப்பது. மறுநாள் வண்டி வருகிறது. அதைத் தரையில் விரித்துவிட்டு, கதவைச் சாத்தி, “நீயும் வா,” என்றார். இரண்டு தெரு தாண்டினால் மாமாவின் அறை. மாடியில், ஒற்றை ஜன்னல். நாங்கள் போனபோது கதவு சாத்தியிருக்கவில்லை. மாமா பனியனோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யவில்லை. எதிரே ஸ்டூலில் வைத்த டீ ஆடை கட்டியிருந்தது.

“கூடாரம் மடிக்கணும்,” என்றார் அப்பா. “வா.”

“என் கையாலயா?”

“வேற யார் இருக்காங்க?”

மாமா எழுந்திருக்கவில்லை. அப்பாவும் உள்ளே போகவில்லை, நிலைப்படியில் நின்றார். இத்தனை வருஷமும் மாமா அப்பாவுக்கு எத்தனையோ ஆறுதல் சொல்லியிருக்கிறார். காற்று சரியில்லாமல் இருந்திருக்கும், அவன் உருண்டு குதித்திருப்பான், துணியே பழசு, இப்படி. அதில் ஒன்றைக்கூட அப்பா இப்போது எடுத்துச் சொல்லவில்லை. அவையெல்லாம் எவ்வளவு தூரத்துக்கு உதவும் என்று அவருக்குத் தெரியும்.

“மூணு நாளா யோசிக்கிறேன் மச்சான்,” என்றார் மாமா. “உனக்கு முப்பத்தொண்ணு ஒவ்வொரு மடிப்பும் மனசுல இருக்கு. ராத்திரி தூக்கத்துல நீ விரலை அசைப்பேன்னு தங்கச்சி சொல்லியிருக்கா. எனக்கு இருபத்தெட்டு சுத்தமா ஞாபகம் இல்ல. அன்னிக்கு என்ன பண்ணேன், எப்போ முடிச்சேன், ஒண்ணும் இல்ல. எனக்கு அது சும்மா ஒரு நாள். ஒரு ஆளைக் கொன்னுட்டு அந்த நாளே ஞாபகம் இல்லாம இருந்திருக்கேன். பாட்டுப் பாடிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்.”

“எனக்கு ஞாபகம் இருக்கு,” என்றார் அப்பா.

“உனக்கு முப்பத்தொண்ணு ஞாபகம் இருக்கும்.”

“ரெண்டும் இருக்கு. பக்கத்து மேஜைதானே. அந்த நாளை நான் எத்தனை ஆயிரம் தடவை ஓட்டிப் பாத்திருப்பேன்? நீயும் அதுலதான் நின்னுக்கிட்டு இருக்கே. ஒவ்வொரு தடவையும்.”

மாமா முகம் மாறியது. பயமா, ஆசையா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

“என்ன பண்ணேன்? நான் தப்பு ஏதாவது... நீ பாத்தியா?”

“இங்க உட்காந்து சொல்ல வராது. கை வேலை செஞ்சாத்தான் வரிசையா வரும். சட்டையைப் போடு.”

மாமா ஆணியிலிருந்து சட்டையை எடுத்தார். படியில் இறங்கும்போது பொத்தான் போட்டார். ஒன்று தள்ளிப் போட்டிருந்தார். யாரும் சொல்லவில்லை.

பட்டறையில் அப்பா ஒரு முனையைப் பிடித்தார், மாமா எதிர் முனையை. நான் நடுவில் காற்றை அமுக்கிக்கொண்டு நகர்ந்தேன். அப்பா முதலில் கருவிகளை எண்ணினார். பிறகு ஆரம்பித்தார்.

“மத்தியானம் ரெண்டு மணி. நான் காய்ச்சல்ல போர்வை போத்திக்கிட்டு நிக்கிறேன். நீ இருபத்தெட்டை உலர்த்துற எடத்துலேர்ந்து இறக்கிக்கிட்டு வந்தே. தோள்ல போட்டுக்கிட்டு. ஈரம் இருக்கான்னு கன்னத்துல வெச்சுப் பாத்தே.”

“பாத்தேனா?”

“பாத்தே. மேஜையில நீளமா இழுத்துப் போட்டே. கயிறை எண்ணினே. ஒண்ணு பொரண்டு கிடந்துச்சு, அதை நேராக்கினே.”

“எந்தப் பக்கம்?”

“உன் இடது கைப் பக்கம். இழு, இந்த மூலை தொங்குது.”

மாமா இழுத்தார். முதல் பாதி மடிந்தது. அப்பா எந்த அவசரமும் இல்லாமல், யாரோ எழுதி வைத்ததைப் படிப்பது போலச் சொல்லிக்கொண்டு போனார். துணிப் பட்டைகளை எப்படி அடுக்கினார், அவை நழுவாமல் மேலே எத்தனை ஈயப் பை வைத்தார், ஒரு ரப்பர் வளையம் அறுந்து புதிதாக ஒன்று மாட்டினார், அப்போது என்ன திட்டினார். மாமா ஒவ்வொன்றுக்கும் கேள்வி கேட்டார். சில கேள்வியை இரண்டு தடவை கேட்டார். அப்பா இரண்டு தடவையும் ஒரே பதில் சொன்னார். கயிறு புரண்ட கதை நிஜமா, அப்பா பத்தொன்பது வருஷத்தில் சேர்த்ததா என்று எனக்குத் தெரியாது. அவர் குரலில் எதுவும் தெரியவில்லை.

கூடாரம் மூட்டையாகிவிட்டது. மாமா கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டார். அப்பா சொல்லி வந்த அந்த நாளில் அப்போதுதான் மணி மூன்றரை ஆகியிருந்தது.

“அதுக்கப்புறம்?” என்றார் மாமா. “மூடினது? பையை மூடினப்போ?”

“அது இன்னும் வரல. நடுவுல தாண்டிப் போனா எனக்குக் குழம்பிடும்.”

அப்பா குனிந்து முடிச்சை அவிழ்த்தார். மூட்டையை உதறினார். அறுபது அடியும் மறுபடி தரையில் விரிந்தது. ஆளுக்கொரு முனையில் போய் நின்றார்கள். நான் நடுவிலிருந்து விலகிச் சுவரோரம் வந்துவிட்டேன்.

“மூணரை மணி,” என்றார் அப்பா. “நீ தண்ணி குடிக்கப் போனே.”